செவ்வாய்க்கிழமை ஆறே முக்கால் மணி

“எம்புள்ளய எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போனாவன்னு கேக்காவ. எனக்கு மணி பாக்கத் தெரியாதுய்யா. மாட்டப் பிடிச்சுத் தொழுவத்துல கட்டிட்டு வெளக்குப் பொருத்தப் போனேன். அப்பத்தான் அந்த வண்டி வந்து நின்னுச்சு.”

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். எதைக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லாததால், வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் எடுத்து வந்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் அவசரப்படவில்லை. “என்னைக்குத் தாயி? கிழமை ஞாபகம் இருக்கா?” என்றார். “செவ்வாக்கிழம. அன்னைக்கு வெறதம்.”

வழக்கறிஞர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கையில் இருந்த போலீஸ் காகிதத்தில் கைது நேரம் வியாழக்கிழமை அதிகாலை 5 மணி என்று இருந்தது. சேரன்மகாதேவி பக்கம் வாகனத் தணிக்கையின்போது, போலீஸைக் கண்டதும் தப்பி ஓட முயன்றவரை விரட்டிப் பிடித்து விசாரித்ததில், முன்னுக்குப் பின் முரணாகப் பேசி, பிறகு ஒரு வீட்டின் பூட்டை உடைத்து நகை திருடியதை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது.

செவ்வாய் மாலைக்கும் வியாழன் விடியலுக்கும் நடுவே முப்பத்து நான்கு மணி நேரம். அந்தப் பையன் அப்போது எங்கே இருந்தான் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

திருட்டு, வழிப்பறி, கொள்ளை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கிற வழக்கறிஞர்களோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். “திருடனுக்கு எதுக்கு வக்கீல்?” என்ற கேள்வியை என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு திங்கட்கிழமை காலை ஜங்ஷனில் பஸ் ஏறி, 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி, வண்ணாரப்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

வாசலில் துப்பாக்கியோடு போலீஸ் நிற்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று, வழக்குக்காக வந்த ஓர் இளைஞரை இந்த வாசல் எதிரிலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதன்பிறகு பையைத் திறந்து காட்டாமல் யாரும் உள்ளே போக முடிவதில்லை. அந்த அம்மாவின் மஞ்சள் பையையும் திறந்து பார்த்துத்தான் விட்டிருப்பார்கள்.

அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் மட்டுமே நடத்துகிற மூத்த வழக்கறிஞர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜூனியர்களுக்கு இவர் ‘சார்’. கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ‘அண்ணாச்சி’. நானும் அண்ணாச்சி என்றே அழைத்தேன்.

“அந்தப் பையன் திருடினானா இல்லையான்னு நான் கேக்கலை” என்றார், அந்த அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோது. “எனக்குத் தெரியாது. போலீஸ் எழுதினபடி நடந்ததான்னுதான் நான் பாக்கணும். அது பொய்யின்னா, அதுக்குப் பின்னால வாற ஒவ்வொரு காகிதத்தையும் சந்தேகத்தோடதான் படிக்கணும்.”

பத்தரைக்கு ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்ட் நடந்தது. செயின் பறிப்பு வழக்கு. இருபது வயதைத் தாண்டாத ஒரு பையன், இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்றான். வலது கையில் முழங்கை வரை புத்தம் புதிய மாவுக்கட்டு. “கையில என்ன?” என்றார் மாஜிஸ்திரேட். “வழுக்கி விழுந்துட்டேன்.” “எங்கே?” பையன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற காவலரின் பக்கம் அவன் கண் போய் வந்ததை நான் பார்த்தேன். மாஜிஸ்திரேட்டும் பார்த்தார்.

சட்ட உதவிக் குழுவைச் சேர்ந்த இளம் பெண் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, அவனோடு தனியாகப் பேச அனுமதி கேட்டார். காவலர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வந்து, இரண்டு நாளாக அவனை வைத்திருந்ததாகவும் உள்ளங்காலிலும் காயம் இருப்பதாகவும் சொன்னார். அதை அப்படியே பதிவு செய்துகொண்டு, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மறுபடி பரிசோதிக்கவும், அறிக்கையை நேரே கோர்ட்டுக்கு அனுப்பவும் உத்தரவிட்டார் மாஜிஸ்திரேட்.

அந்த மூன்று நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். அந்த வழக்கறிஞர் அங்கே இல்லாமல் போயிருந்தால், “வழுக்கி விழுந்துட்டேன்” என்ற இரண்டு சொல்லோடு அந்தப் பையன் சிறைக்குப் போயிருப்பான். ஆறு மாதம் கழித்து விசாரணையில் எந்தப் பெரிய வக்கீல் வந்து “அடித்தார்கள்” என்று சொன்னாலும், “ரிமாண்டில் ஏன் சொல்லவில்லை?” என்றுதான் கேட்பார்கள்.

கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அவை 2023ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவுக்குள்ளேயே இருக்கின்றன. விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் அதில் உண்டு. எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. இவ்வளவும் 24 மணி நேரம் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். கடிகாரம் எப்போது தொடங்கியது என்பதையே மாற்றி எழுதிவிட்டால்?

“முன்னெல்லாம் தந்தி அடிப்போம்” என்றார் அண்ணாச்சி. “பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு ராத்திரி வீட்டுக்கு ஆள் வந்தா, மொத வேலை தந்தி ஆபீஸ். எஸ்.பி.க்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு, மாஜிஸ்திரேட்டுக்கு ஒண்ணு. அந்த ரசீதுல தேதியும் மணியும் இருக்கும். பின்னால அந்த ஒரு ரசீதை வச்சே வழக்கு ஒடஞ்சிருக்கு.” 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. இப்போது மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஆன்லைன் புகார். எல்லாவற்றிலும் நேரம் பதிவாகிறது. ஆனால் அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். செவ்வாய்க்கிழமை இரவு யாருக்கு எதை அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

அந்த முதல் இரவை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1993இல் விருத்தாசலம் அருகே முதனையில் ஒரு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போன ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி பார்வதிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்தியவர், அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் இருந்த நகை காணாமல் போனதாக வந்த புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார், போலீஸ் பிடியில் இறந்தார். உடம்பெல்லாம் காயம். போலீஸார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இந்த ஆற்றங்கரையிலேயே, 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்குப் போனவர்கள் தங்கள் பற்கள் பிடுங்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவை பெரும்பாலும் அடிதடி போன்ற சிறு வழக்குகள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்து வழக்கு கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. இந்த மூன்று இடத்திலும், தேவைப்பட்ட நேரத்தில் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இல்லை.

பகல் பதினொன்றரைக்கு மேல் இன்னொரு கோர்ட். இங்கே விசாரணை நடக்கிறது. பழைய வழக்கு, 2024 ஜூலை 1க்கு முந்தைய குற்றம் என்பதால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 457, 380 பிரிவுகள். இரவில் கதவை உடைத்து வீடு புகுந்து திருடியது. நம் முன்னோர் ‘கன்னம் வைப்பது’ என்றார்களே, அந்த வகைதான். புதிய சட்டத்தில் இது 331, 305.

உள்ளே போகும்முன் வராந்தாவில் அண்ணாச்சி கட்டைப் பிரித்து ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதல் வாக்குமூலம். மூன்றரைப் பக்கம். பிறந்த ஊர், படிப்பு, சிறு வயதிலேயே கெட்ட சகவாசம், வேலை கிடைக்காதது, கடன், ஒரு நாள் இரவு அந்தத் தெருவில் பூட்டிய வீட்டை நோட்டமிட்டது, கம்பியால் பூட்டை நெம்பியது, பீரோவைத் திறந்தது, நகையை எடுத்தது என்று ஒரு முழு வாழ்க்கையே அதில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இரண்டே வரி: நகையை வீட்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் புதைத்து வைத்திருப்பதாகவும், அழைத்துச் சென்றால் எடுத்து ஆஜர் செய்வதாகவும்.

“இந்த மூன்றரைப் பக்கத்துல கோர்ட்டு படிக்கலாம்னு சட்டம் சொல்றது இந்த ரெண்டு வரியை மட்டுந்தான்” என்றார்.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் எதுவும் சாட்சியமாகாது. அடித்து வாங்கலாம், மிரட்டி வாங்கலாம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டமே வைத்த வேலி அது. புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவு. அந்த வேலியில் ஒரே ஒரு படல் உண்டு. சொன்ன தகவலால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரே தொடர்புடைய அளவுக்கு மட்டும் அந்தச் சொல் செல்லும். பழைய எண்ணில் ‘இருபத்தேழு’. நெல்லை கோர்ட்டில் இன்றும் ‘ட்வென்ட்டி செவன் ரெக்கவரி’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அந்த ‘அளவுக்கு மட்டும்’ எவ்வளவு என்பதை அறுதியிட்டது, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் பக்கத்து வழக்கு ஒன்று: புலுக்குரி கோட்டய்யா வழக்கு. பிரிவி கவுன்சில் 1946இல் தீர்ப்புச் சொன்னது. ஆயுதத்தை ஒளித்துவைத்த இடத்தைச் சொன்னது செல்லும், அதைக் கொண்டு குத்தினேன் என்று சொன்னது செல்லாது என்று பிரித்தது. ‘புதைத்து வைத்திருக்கிறேன்’ சாட்சியம். ‘திருடியதைப் புதைத்து வைத்திருக்கிறேன்’ என்பதில் முதல் சொல் சாட்சியமல்ல.

இந்த ஒரு சொல்லுக்காக அண்ணாச்சி எவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்பதைப் பார்த்தபோது, முதலில் எனக்கு ஆயாசமாக இருந்தது. பிறகு புரிந்தது. திருட்டு வழக்கில் பெரும்பாலும் நேரில் பார்த்த சாட்சி இருக்காது. பூட்டிய வீடு, இருட்டு. இருப்பதெல்லாம் நகை எங்கே கிடைத்தது என்று எழுதிய ஒரு காகிதம், பறிமுதல் மகஜர். அந்தக் காகிதம் உண்மையென்றால் வழக்கு நிற்கும், இல்லையென்றால் விழும். திருடுபோன பொருள் குறுகிய காலத்துக்குள் ஒருவர் கையில் இருந்து, அவர் அதற்கு விளக்கம் சொல்லாவிட்டால், அவரையே திருடனாகவோ, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவராகவோ கோர்ட் ஊகிக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. அதனால் அந்த மகஜர் தாள்தான் தூக்குக்கயிறு மாதிரி.

கூண்டில் ஏறியவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் பறிமுதல் மகஜருக்கும் சாட்சி. தமிழ்நாட்டில் இந்த இரண்டு காகிதத்திலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அரசுத் தரப்பு கேட்டதற்கெல்லாம் மளமளவென்று சொன்னார். பிறகு அண்ணாச்சி எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“அன்னைக்கு ஸ்டேஷனுக்கு உங்களை வரச்சொல்லி எழுத்துல ஏதாவது கொடுத்தாங்களா?” இல்லை, போன்தான். “நீங்க போனப்ப இவரு ஏற்கெனவே ஸ்டேஷன்ல இருந்தாரா?” இருந்தார். “வாக்குமூலம் எழுதினது யாரு?” எஸ்.ஐ. ஐயா. “கையால எழுதினாரா, கம்ப்யூட்டர்லயா?” பெரியவர் யோசித்தார். கையால என்றார். அண்ணாச்சி காகிதத்தை நீதிபதியிடம் நீட்டினார். தட்டச்சு. “நகை எடுத்த இடத்தைச் சொல்லுங்க. முள்வேலி இருந்ததா, சுவரா?” சுவர். மகஜரில் வேலி. “தோண்டினது யாரு? எதால?” கம்பியால. “அந்தக் கம்பி எங்கே?” தெரியாது. “அந்த எடத்துக்குப் போனப்ப அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க நின்னாங்களா?” கூட்டமே கூடிட்டு. “அவங்கள்ல ஒருத்தரைக்கூடக் கையெழுத்துப் போடச் சொல்லலை?” பெரியவர் பேசவில்லை.

எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வரவில்லை. எங்கே போக வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லப்பட்டதைச் செய்த மனிதர். அவர் அந்த இடத்துக்கே போகாமலும் இருந்திருக்கலாம்; போய்விட்டு, நான்கு வருஷத்தில் வேலியையும் சுவரையும் குழப்பிக்கொண்டும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாதபோது பலன் யாருக்கு என்பதுதான் குற்றவியல் சட்டத்தின் அடித்தளம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் செல்போனிலாவது வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அது ஒழுங்காக நடந்தால், வேலியா சுவரா என்று ஒரு முதியவரைத் திணறடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்து வந்தவர் நகையைப் பறிகொடுத்த பெண். மேசையில் நகை இல்லை. இடைக்காலமாக அவரிடமே ஒப்படைத்திருந்ததால் போட்டோ மட்டும். தாலிச் செயினைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. மகளுக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த வளையல் இரண்டு கிடைக்கவே இல்லை. “அன்னையில இருந்து வீட்டைப் பூட்டிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்ல” என்றார். அண்ணாச்சி அவரிடம் மூன்று கேள்விதான் கேட்டார், அம்மா என்று விளித்து. புகாரில் சொன்ன எடை, பில் உண்டா, செயினில் தனி அடையாளம் ஏதாவது இருந்ததா. எடை ஒன்றரைப் பவுன் வித்தியாசம். பில் இல்லை. அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டேன்: அந்தப் பெண்ணைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா? “இருக்கு” என்றார் உடனே. “என் வீட்லயும் திருடு போயிருக்கு. ஆனா தப்பான ஆளை உள்ளே வச்சா அந்த வளையல் வந்துருமா? எடுத்தவன் வெளியே நிம்மதியா இருப்பான். வழக்கு முடிஞ்சிட்டுன்னு ஃபைலை மூடிருவாங்க.” இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது பிரிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. திருட்டுக்கு மூன்றாண்டு வரை. அதே திருட்டில் அடித்தாலோ, மறித்தாலோ, உடனே ஆபத்து என்ற பயத்தை உண்டாக்கினாலோ அது வழிப்பறி, அதாவது கொள்ளை: பத்தாண்டு வரை, நெடுஞ்சாலையில் இரவு நேரமென்றால் பதினான்கு. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை: ஆயுள் வரை போகும். நாங்குநேரி நாற்கரச் சாலையில் இரவு பைக்கை மறித்து ஒரு செல்போனைப் பிடுங்கியதாக வழக்கு வந்தால், வாதாடுகிறவர் முதலில் பார்ப்பது ‘பயமுறுத்தல்’ புகாரிலேயே இருக்கிறதா, பின்னால் சேர்த்ததா என்பதைத்தான். சாலையோரம் ஐந்தாறு பேர் அரிவாளோடு கூடிக் கொள்ளைக்குத் திட்டமிட்டதாக வரும் வழக்குகளில் இன்னும் கவனம் வேண்டும் என்றார். அதில் நகையைப் பறிகொடுத்தவர் என்று யாருமே இருக்க மாட்டார். இருட்டில் மறைந்து நின்று அவர்கள் பேசியதைக் கேட்டதாகச் சொல்லும் போலீஸ் மட்டும்தான் சாட்சி.

சாப்பிட்டு எழும்போது டோனாவூர்ப் பேச்சு வந்தது. மேற்கு மலையடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்து ஊர். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பகுதியைக் கலக்கிய செம்புலிங்கத்தை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அவரைச் சந்தித்துப் பழகி, அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பொய் வழக்கில் சிக்கவைத்ததால் காட்டுக்கு ஓடியவர், பிறகு உண்மையிலேயே கொள்ளைக்காரர் ஆனார் என்பது அந்த நூலின் பக்கம். 1923இல் போலீஸ் கையில் இறந்தார். “மொத வழக்குல அவருக்குன்னு ஒரு நல்ல வக்கீல் நின்னிருந்தா?” என்றார் அண்ணாச்சி. குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. பிறந்த சாதியை வைத்தே சந்தேகப்பட்டு இரவில் கைநாட்டு வைக்கச் சொன்ன அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இலும் நாடு 1952இலும் நீக்கின. ஆனால் ஒரு தெருவில் பூட்டு உடைந்தால், யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பழைய பேரேடு முழுதாக மூடப்படவில்லை என்று தெரியும்.

பிற்பகல் பாளையங்கோட்டை மத்தியச் சிறை வாசல். மனு கொடுத்துவிட்டுப் பார்க்கக் காத்திருந்த பெண்கள் நிழலைத் தேடி மதிலோரம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஜூனியர் வழக்கறிஞர் உள்ளே போய் அந்தச் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையனைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் வந்தார். முகம் வாடியிருந்தது. “அடையாள அணிவகுப்பு வைக்கப் போறாங்களாம். ஆனா ஸ்டேஷன்லயே ஒரு அம்மா ஜன்னல் வழியா இவனைப் பாத்துட்டுப் போனாங்கன்னு சொல்றான்.” அணிவகுப்பைச் சிறைக்குள் மாஜிஸ்திரேட் நடத்துவார். ஒரே வயது, ஒரே தோற்றமுள்ளவர்களோடு நிறுத்துவார். ஆனால் முன்பே காட்டப்பட்ட முகத்தை மறுபடி காட்டுவதில் என்ன சோதனை இருக்கிறது? கைதானவரின் படம் அன்று மாலையே செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிற காலம் இது. ஆட்சேபணையை அணிவகுப்புக்கு முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள்.

இன்னொரு கவலையும் இருந்தது. இவன் மேல் இன்னும் நான்கு பழைய வழக்கைச் சேர்த்திருந்தார்கள். கண்டுபிடிக்காமல் கிடந்த திருட்டுகளை எல்லாம் ஒரே ஒப்புதலில் ஏற்றிவிடுவது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. நான்கு எஃப்.ஐ.ஆர். எண்ணை ஒரு தாளில் சேர்த்து எழுதுவதால் ஒரு மனிதனின் எத்தனை மாதம் போகிறது என்பதை அந்த மதிலோரம் நின்றுதான் நான் உணர்ந்தேன். என் கருத்தில், புதிய சட்டத்தில் ஏழைக்கு ஆகாத வரி இதுதான்.

ஜாமீன் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். சொத்துச் சான்று வேண்டும். மஞ்சள் பைக்காரம்மாவுக்கு யார் நிற்பார்கள்? உத்தரவு வந்தும் பிணை கொடுக்க முடியாமல் ஏழு நாளுக்கு மேல் உள்ளே கிடப்பவர்களைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு மாதமாகியும் முடியாவிட்டால் நிபந்தனையைக் கோர்ட்டே தளர்த்திப் பார்க்கலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கொடுத்த உரிமை. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்த எண்ணை அந்த அம்மாவின் ரேஷன் கார்டு உறையில் பேனாவால் எழுதிக் கொடுத்தார் ஜூனியர்.

நான்கரை மணிக்கு ஜூனியரோடு அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட ஊர். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. நடவு முடிந்த வயல்கள். ஊர் முக்கில் ஓர் உரக்கடை, வாசலுக்கு மேல் கேமரா. வண்டி ஊருக்குள் வர அந்த ஒரு வழிதான். கடைக்காரர் நல்ல மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்தார். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டதற்கு, பதினாலு நாள், அப்புறம் தானா அழிஞ்சிரும் என்றார்.

அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள்.

“நாளைக்கு வாங்களேன், பையன் வருவான், அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.” “நாளைக்கு அழிஞ்சிரும் அண்ணாச்சி” என்றார் ஜூனியர். கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்தார், மூடினார். “நாளப்பின்ன ஸ்டேஷன்ல இருந்து வந்து கேட்டா நான் என்ன சொல்ல?” அதற்குப் பதில் எங்கள் இருவரிடமும் இல்லை. “பாத்தது என்னவோ அதைச் சொல்லுங்க” என்றார் ஜூனியர் கடைசியில். வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கடைக்காரர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டரைத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமையைத் தேடினோம். ஆடுகள் போயின, ஒரு டிராக்டர், பள்ளிப் பிள்ளைகள், மினி பஸ். வெளிச்சம் மங்கி, தெருவிளக்கு எரிந்தது. ஒரு வெள்ளை ஜீப் முக்கில் திரும்பி ஊருக்குள் போனது. சிறிது நேரத்தில் அதே ஜீப் திரும்பி வந்தது. பின் இருக்கையில் இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவதாக ஒரு தலை. திரையின் மூலையில் 18:56.

ஜூனியர் தன் போனை எடுத்து, மானிட்டரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த மணியோடு வைத்துப் பார்த்தார். கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் முந்தியிருந்தது. அதையும் நோட்டில் குறித்தார். பென்டிரைவைச் செருகினார். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழுக்கான படிவத்தை மேசையில் விரித்து, கருவியின் பெயர், வரிசை எண் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நிரப்பினார். கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

வெளியே அந்த அம்மா மாட்டைப் பிடிக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிக்கொண்டிருந்தார். ஜூனியர் நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினார்: செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி.

“அதத்தானய்யா நான் காலையிலயே சொன்னேன்” என்றார் அவர்.